அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது?

நிலம் வாங்கப் போகிற எவரும் முதல் நாளே மனப்பாடம் செய்துகொள்கிற எண் ஒன்று உண்டு. ஒரு சென்ட் என்றால் 435.6 சதுர அடி. தரகர் சொல்வார், பத்திரம் எழுதுபவர் சொல்வார், பக்கத்து மனைக்காரரும் சொல்வார். ஏன் அந்த எண் என்று கேட்டால் மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை. 400 என்று வைத்திருக்கலாம். 500 என்றால் கணக்குப் போட இன்னும் சுலபம். 435 என்றாவது நிறுத்தியிருக்கலாம். கடைசியில் அந்தப் புள்ளி ஆறு எதற்கு?

இன்னொரு கேள்வி, கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் ஒரு நாள் தோன்றியிருக்கும். இந்தப் பக்க ஸ்டம்புக்கும் அந்தப் பக்க ஸ்டம்புக்கும் நடுவே 22 கெஜம். இருபதும் இல்லை, இருபத்தைந்தும் இல்லை. யார் எண்ணி வைத்த இருபத்திரண்டு இது?

இரண்டுக்கும் விடை ஒரே பொருளில் இருக்கிறது. நானூறு ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஓர் இரும்புச் சங்கிலி. அந்தச் சங்கிலி ஏன் அந்த நீளத்தில் இருந்தது என்று தெரிய வேண்டுமானால், அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்திய ஓர் இங்கிலாந்து வயலில் இறங்கி ஏர் பின்னால் நடக்க வேண்டும்.

மாட்டைத் திருப்புகிற சிரமம்

நம் ஊர் மரக்கலப்பைக்கு ஒரு ஜோடி மாடு போதும். வரப்போரம் வந்ததும் ஒரு சத்தம் கொடுத்து, வாலைத் தொட்டால் மாடு திரும்பிவிடும். அதனால் சின்னச் சின்ன வயலிலும் நாம் தாராளமாக உழ முடிந்தது.

இடைக்கால இங்கிலாந்தின் கனத்த களிமண்ணில் அது நடக்காது. ஆழமாக அறுத்து மண்ணைப் புரட்டிப் போடுகிற பெரிய கலப்பை வேண்டும். அதை இழுக்க எட்டு மாடுகள்கூடப் பூட்டினார்கள். நீண்ட வரிசையாக நிற்கும் அந்த மாடுகளை வயல் முனையில் திருப்புவது பெரும்பாடு. ஆகவே உழவர்கள் திருப்பத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரே சாலாக, மாடு இளைப்பாற வேண்டிய தூரம் வரை நேராக உழுதார்கள். அங்கே நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பினார்கள்.

அந்த நீண்ட சாலின் நீளத்துக்கு ஒரு பெயர் வந்தது. ‘சால் நீளம்’ என்று பொருள்படும் அந்தச் சொல்லைத்தான் நம் தாத்தா பாட்டிகள் ‘பர்லாங்கு’ என்றார்கள். “ஒரு பர்லாங்கு நடந்தால் கோயில்” என்று சொன்னவர்கள், ஓர் இங்கிலாந்து மாடு மூச்சு வாங்காமல் உழுத தூரத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பர்லாங்கு நீளத்தில், ஒரு நாளில் உழுது முடிக்கக்கூடிய அகலம் கொண்ட பட்டைதான் ஏக்கர். அந்தச் சொல்லின் பழைய பொருள் ‘வயல்’, அவ்வளவுதான். ஆக, ஏக்கர் பிறந்தபோது அது சதுர அடிக் கணக்காக இருக்கவில்லை. ஒரு நாள் வேலையின் பெயராக இருந்தது.

அடி சுருங்கியது, கோல் சுருங்கவில்லை

வயலின் நீள அகலத்தை அளக்கக் கோல் இருந்தது. நாற்பது கோல் நீளம், நான்கு கோல் அகலம். அதுதான் ஏக்கர்ப் பட்டை. இதுவரை எல்லாம் முழு எண்கள். சிக்கல் இனிமேல்தான்.

ஏறத்தாழ 1300-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் அளவுகளை ஒழுங்குபடுத்தியது. மூன்று பார்லி மணி ஓர் அங்குலம், பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி, மூன்றடி ஒரு கெஜம். கோலுக்கு வரும்போது மட்டும் அந்தச் சட்டம் விந்தையாக நடந்துகொண்டது. ஐந்தரை கெஜம் ஒரு கோல் என்றது. அதாவது பதினாறரை அடி.

அரை எதற்கு? வரலாற்றாய்வாளர்கள் தரும் விளக்கம் இது: அதற்கு முன் வழக்கிலிருந்த அடி சற்று நீளமானது. அந்தப் பழைய அடியில் கோல் சரியாக 15 அடி. புதிய அடி பதினொன்றில் பத்துப் பங்காகச் சுருங்கியது. கோலைச் சுருக்க மட்டும் யாருக்கும் துணிவில்லை. கோல் சுருங்கினால் ஏக்கர் சுருங்கும். ஏக்கர் சுருங்கினால் ஒவ்வொருவரின் நிலமும் தாளில் கூடிவிடும். வரியும் குத்தகையும் பத்திரமும் கலைந்துபோகும். எனவே கோல் பழைய நீளத்திலேயே நின்றது. 15 பழைய அடி, 16½ புதிய அடியாயிற்று.

அளவைகளின் வரலாற்றில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். துணியை அளக்கும் கெஜத்தை ஓர் அரசு மாற்றிவிடலாம். நிலத்தை அளக்கும் கோலை மாற்றுவது அவ்வளவு எளிதில்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே தரையில் வரப்பாகக் கிடக்கிறது.

இனிக் கூட்டிப் பார்ப்போம். நான்கு கோல், 66 அடி. நாற்பது கோல், 660 அடி. பெருக்கினால் 43,560 சதுர அடி. நம் ஏக்கர் வந்துவிட்டது. மைலுக்கு ஏன் 5,280 அடி என்ற கேள்விக்கும் இங்கேயே விடை. ரோமானியர்களின் மைல் 5,000 அடி. 1593-இல் எலிசபெத் அரசியின் காலத்துச் சட்டம் ஒன்று, மைல் என்றால் எட்டு பர்லாங்கு என்று வரையறுத்தது. எட்டு 660, 5,280. பர்லாங்கை அசைக்க முடியாததால் மைல் நீண்டுகொடுத்தது.

நூறு கண்ணிகள்

இப்படியொரு ஏக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நில அளவையாளர் எப்படிக் கணக்குப் போடுவார்? கோல்களைப் பெருக்கி, 160-ஆல் வகுத்தால் ஏக்கர். மீதியை 40-ஆல் வகுத்தால் கால் ஏக்கர்கள். அதிலும் மிஞ்சியது சதுரக் கோல். ஒரே கணக்கில் இரண்டு வகுத்தல்.

இதற்கு ஒரு வழி கண்டவர் எட்மண்ட் கன்டர். 1581-இல் பிறந்தவர். கிறித்தவப் பாதிரியார், கணிதம் அறிந்தவர். லண்டன் கிரஷாம் கல்லூரியில் 1619 முதல் வானியல் பேராசிரியர். அவர் வளர்ந்த காலத்தில் ஐரோப்பாவுக்குத் தசமப் புள்ளி புதுச் சரக்கு. 1585-இல்தான் சைமன் ஸ்டெவின் என்பவர் ஒரு சிறு நூல் எழுதி, பின்னங்களைப் பத்து பத்தாகப் பிரித்து எழுதினால் எவ்வளவு எளிது என்று வணிகருக்கும் நில அளவையாளருக்கும் விளக்கியிருந்தார்.

கன்டர் 1620-இல் ஒரு சங்கிலி செய்தார். நீளம் நான்கு கோல், அதாவது 66 அடி, அதாவது 22 கெஜம். உழவரின் பட்டையின் அகலத்தை அவர் ஓர் அங்குலமும் மாற்றவில்லை. ஆனால் அதை 66-ஆகப் பிரிக்காமல் நூறாகப் பிரித்தார். நூறு துண்டுகளில் ஒவ்வொன்றையும் ‘கண்ணி’ என்று சொல்வோம். சர்வேயர்கள் வாயில் இது ‘லிங்க்’. ஒரு கண்ணியின் நீளம் 7.92 அங்குலம். பார்க்க அசிங்கமான எண். அதன் அழகு பெருக்கும்போதுதான் தெரியும்.

ஏக்கரின் அகலம் ஒரு சங்கிலி, 100 கண்ணி. நீளம் பத்துச் சங்கிலி, 1,000 கண்ணி. ஆகவே ஓர் ஏக்கர் சரியாக ஒரு லட்சம் சதுரக் கண்ணி. அதில் நூறில் ஒரு பங்கு, சரியாக ஆயிரம் சதுரக் கண்ணி. இந்த நூறில் ஒரு பங்குக்குத் தென்னிந்தியாவில் நிலைத்துவிட்ட பெயர்தான் சென்ட்.

வந்த காரியம் முடிந்தது. ஒரு சென்ட் என்பது ஒரு சங்கிலி நீளமும் பத்துக் கண்ணி அகலமும் உள்ள ஒரு துண்டு. அடியில் சொன்னால் 66 அடிக்கு 6.6 அடி. பெருக்கிப் பாருங்கள், 435.6. அந்தப் புள்ளி ஆறு, உழவரின் 66-ஐயும் கணிதரின் நூறையும் ஒட்டவைத்த இடத்தில் தெரிகிற தையல்.

சங்கிலியைக் கையில் எடுத்தால்

பழைய சங்கிலி ஒன்றைப் பார்த்தால், முதலில் கண்ணில் படுவது இரு முனைகளிலும் உள்ள பித்தளைக் கைப்பிடி. கைப்பிடியின் நீளமும் கணக்கில் சேரும். நடுவே கெட்டியான கம்பித் துண்டுகள், ஒன்றோடொன்று சிறு வளையங்களால் கோக்கப்பட்டிருக்கும். மடக்கினால் ஒரு விறகுக் கட்டுபோலக் கைக்குள் அடங்கும். வீசி எறிந்தால் வயலின் குறுக்கே சலசலவென்று விரியும்.

பத்துக் கண்ணிக்கு ஒன்றாகப் பித்தளை வில்லை தொங்கும். பத்தாவதில் ஒரு பல், இருபதாவதில் இரண்டு பல், முப்பதில் மூன்று, நாற்பதில் நான்கு. ஐம்பதில் வட்ட வில்லை. அதற்குப் பிறகு மறுபடி நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. எந்த முனையிலிருந்து பிடித்தாலும் ஒரே மாதிரி எண்ணலாம். சேற்றில் குனிந்து நிற்பவர் எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை. விரலால் தடவியே எண் சொல்லிவிடலாம். நாற்பதையும் அறுபதையும் மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் நான்கு பல்.

சங்கிலி பிடிக்க இரண்டு பேர். முன்னால் போகிறவர் ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் ஓர் இரும்பு முளையை நடுவார். பின்னால் வருகிறவர் அதைப் பிடுங்கிக்கொண்டே வருவார். பின்னவர் கையில் பத்து முளை சேர்ந்தால் பத்துச் சங்கிலி, ஒரு பர்லாங்கு. நம் நில அளவைத் துறையில் இந்த வேலை செய்பவருக்குச் செயின்மேன் என்றே பெயர்.

ஒரு வயலை அளப்போம்

உண்மையான வயல்கள் சதுரமாக இருப்பதில்லை. நான்கு மூலையும் நான்கு விதமாக இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். வடக்கு மூலையில் ஒரு வேப்பமரம். தெற்கு மூலையில் ஒரு கிணறு. மேற்கிலும் கிழக்கிலும் வெறும் எல்லைக்கல்.

முதல் வேலை, வேப்பமரத்திலிருந்து கிணற்றுக்கு நேர்கோட்டில் சங்கிலி இழுப்பது. ஆறு சங்கிலி வந்தது. அதாவது 600 கண்ணி. இந்தக் கோடு வயலை இரண்டு முக்கோணங்களாக வெட்டிவிட்டது.

இரண்டாவது வேலை, இந்தக் கோட்டிலிருந்து மேற்குக் கல்லுக்குச் செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று அளப்பது. பள்ளிக் கணக்கில் இதைக் குத்துயரம் என்று படித்திருப்போம். 240 கண்ணி வந்தது. கிழக்குக் கல்லுக்கு 260.

முக்கோணத்தின் பரப்பு, அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கியதில் பாதி. மேற்கு முக்கோணம்: 600-ஐ 240-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 72,000. கிழக்கு முக்கோணம்: 600-ஐ 260-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 78,000. இரண்டும் சேர்ந்து 1,50,000 சதுரக் கண்ணி.

இனி வகுக்க ஒன்றுமில்லை. வலது ஓரத்திலிருந்து ஐந்து இலக்கம் தள்ளிப் புள்ளி வையுங்கள், 1.50000. ஒன்றரை ஏக்கர். மூன்று இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்தால் சென்ட், 150. கணக்கு முடிந்தது, வயல் வரப்பில் நின்றபடியே.

இதே வயலை அடியில் அளந்திருந்தால் நடுக்கோடு 396 அடி. குத்துயரங்கள் 158.4 அடியும் 171.6 அடியும். இரண்டு முக்கோணங்களும் சேர்ந்து 65,340 சதுர அடி. அதை 43,560-ஆல் வகுத்தால் அதே ஒன்றரை. விடை ஒன்றுதான். ஆனால் அந்த வகுத்தலைக் கால்குலேட்டர் இல்லாத காலத்தில், ஒரு நாளில் இருபது வயலுக்குச் செய்ய வேண்டியிருந்தவரை நினைத்துப் பாருங்கள். தவறு நேர்ந்தால் ஒருவருக்கு அநியாய வரி. கன்டர் அந்த வகுத்தலை மனிதர் தலையிலிருந்து இறக்கி, சங்கிலிக்குள் ஒருமுறையாகச் செய்து வைத்துவிட்டார். நல்ல அலகு செய்கிற வேலை அதுதான். ஒருவர் ஒருமுறை யோசித்ததை, பிறகு லட்சம் பேர் யோசிக்காமலே பயன்படுத்தலாம்.

சங்கிலி நீண்டால் நிலம் சுருங்கும்

சங்கிலிக்கு ஒரு குறை உண்டு. அத்தனை வளையங்களும் ஒன்றோடொன்று உராய்ந்து தேயும். இழுக்க இழுக்க வளையம் வாய் திறக்கும். சங்கிலி மெல்ல நீளும். ஒரே ஒரு கண்ணி அளவு நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சங்கிலியால் 101 கண்ணித் தூரத்தை அளந்தாலும் 100 என்றுதான் காட்டும். நீளத்திலும் குறைவு, அகலத்திலும் குறைவு. நூறு சென்ட் நிலம் 98 சென்ட் என்று தாளில் ஏறும். இரண்டு சென்ட் நிலம் எங்கும் போகாமலே காணாமல் போகும். அதனால்தான் சங்கிலியை அடிக்கடி ஒரு நிலையான அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

வெயிலும் சங்கிலியை நீட்டும். இது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற நில அளவையாளர், பரங்கிமலை அருகே தொடங்கிப் பெரும்பாக்கம் பக்கம் வரை ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த மாபெரும் பணிக்கு அதுவே அடிக்கோடு. அவர் பயன்படுத்தியது கன்டரின் சங்கிலி இல்லை, நூறடி எஃகுச் சங்கிலி. அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடாரம் போட்டு நிழல் தந்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து அளந்தார். காரணம் எளிது. பத்து டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் நூறடி எஃகு மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். ஏழரை மைலுக்குச் சங்கிலியை ஏறத்தாழ நானூறு முறை கிடத்த வேண்டும். சிறு பிழை நானூறு மடங்கானால் ஒரு மனிதன் நீட்டிப் படுக்கிற தூரத்தை நெருங்கிவிடும்.

நம்முடைய குழி, மா, வேலி

அலகுக்குள்ளேயே கணக்கை ஒளித்து வைக்கும் வித்தை கன்டருக்கு மட்டும் தெரிந்ததில்லை. தஞ்சைப் பக்கம் இன்றும் பெரியவர்கள் நிலத்தை மாவிலும் வேலியிலும் சொல்வார்கள். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் ‘மா’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் தெரியுமா? இருபதில் ஒன்று. நிலத்தின் பெயரும் பின்னத்தின் பெயரும் ஒன்றே. “மூன்று மா நிலம்” என்று சொன்னாலே, வேலியில் இருபதில் மூன்று பங்கு என்ற கணக்கும் சேர்ந்து சொல்லப்பட்டுவிடுகிறது. கன்டர் நூறைத் தேர்ந்தார், நம் கணக்கர்கள் இருபதைத் தேர்ந்தார்கள். யோசனை ஒன்றே.

குழி என்பது ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம். இங்கேதான் தொல்லை. கோல் ஊருக்கு ஊர் மாறியது. தஞ்சையில் பன்னிரண்டடிக் கோல். குழி 144 சதுர அடி, மா 14,400 சதுர அடி. அதனால்தான் ஒரு மாவை 33 சென்ட் என்கிறோம். சென்னைப் பக்கம் 24 அடிக் கோல். குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி, 57,600 சதுர அடி. அந்தக் காணியை 24 மனைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 2,400 சதுர அடி. சென்னைக்காரர்கள் இன்றைக்கும் ‘ஒரு கிரவுண்ட்’ என்று சொல்வது அந்த மனையைத்தான். சென்ட்டும் கிரவுண்டும் ஒன்றோடொன்று ஏன் ஒட்டாது என்பதும் இப்போது புரியும். ஒன்று இங்கிலாந்து உழவுச்சாலில் பிறந்தது, மற்றொன்று தொண்டை மண்டலத்துக் கோலில் பிறந்தது.

கடல் தாண்டினால் இலங்கையில் காணி உறுதிகளில் ‘பேர்ச்’ என்று எழுதியிருக்கும். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. அதுவும் நமக்கு அந்நியமில்லை. பதினாறரை அடிக் கோல் ஒன்றின் சதுரம் அது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் பத்துப் பேர்ச் காணி வாங்கும்போது, இங்கிலாந்தில் சுருங்க மறுத்த அதே கோலால்தான் வாங்குகிறார்.

பட்டாவில் ஓர் ஏர்

இந்தியா 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் இயற்றியது. பழைய புலப்படங்களில் கண்ணியில் எழுதியிருந்த நீளங்கள், புதியவற்றில் மீட்டருக்கு மாறின. சர்வேயர் கையிலும் இருபது மீட்டர்ச் சங்கிலி வந்தது. கன்டரின் சங்கிலியை மீட்டரில் சொன்னால் 20.1168. புதியது அதைவிட ஒரு சாண்கூடக் குறையவில்லை. அதிலும் நூறு கண்ணிகள்தான், ஒவ்வொன்றும் 20 சென்டிமீட்டர்.

உங்கள் பட்டாவை எடுத்துப் பாருங்கள். பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். நாம் மேலே அளந்த ஒன்றரை ஏக்கர் வயல், அதில் 0 ஹெக்டேர் 60.70 ஏர் என்று நிற்கும். இந்த ‘ஏர்’ பிரான்சிலிருந்து வந்த சொல், பரப்பு என்று பொருள்படும் லத்தீன் வேரில் பிறந்தது. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். நம் உழவுக் கலப்பைக்கும் அதற்கும் உறவில்லை. ஆனாலும் தமிழ்க் கண்ணுக்கு அந்தத் தாளில் ஒரு கலப்பை தெரிகிறது. தெரிவதில் தப்பில்லை. நிலத்தை அளக்கிற பழைய அலகுகள் பலவற்றுக்கும் தொடக்கம் ஓர் ஏர்தான்.

அடுத்த முறை ஏதாவது கிரிக்கெட் மைதானம் காலியாக இருந்தால், ஒரு ஸ்டம்பிலிருந்து எதிர் ஸ்டம்பு வரை அடியெண்ணி நடந்து பாருங்கள். கன்டரின் சங்கிலி அதுதான், 22 கெஜம். 1744-இல் எழுதப்பட்ட ஆட்ட விதிகளிலேயே அந்தத் தூரம் இருக்கிறது. அங்கே வலப்பக்கம் திரும்பி அதே எண்ணிக்கை நடங்கள். மறுபடி திரும்பி அதே எண்ணிக்கை. மூன்றாவது முறை திரும்பி நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்வீர்கள். நீங்கள் சுற்றிவந்த சதுரம் 4,356 சதுர அடி. சரியாகப் பத்து சென்ட்.